சிகரத்துக்கு முன்னரான பதினேழு நாட்கள்

கடந்த தை மாதம் ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகன் தொலைபேசியில் அழைத்தான். சித்திரை விடுமுறையில் நண்பர்கள் மூவருடன் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து போக ஆயத்தமாகின்றானாம். ஆறு மாதங்களாக அதிகாலையில் ஓடுகிறான். முதுகில் பன்னிரண்டு கிலோ சுமையுடன் மாடிப்படிகள் ஏறி இறங்குகிறான். "உடம்பு நல்லா ரெடி பெரியப்பா. லுக்ளாவுக்குப் பிளேனிலை போய் இறங்கினால் அஞ்சாம் நாள் பேஸ் காம்பிலை நிண்டிடுவம்" என்றான்.

அந்த "அஞ்சாம் நாள்" எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. காரணம் உண்டு.

1996 ஆம் ஆண்டு காத்மண்டுவில் பத்திரிகையாளர் பயிலரங்கு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அது முடிந்ததும் கிடைத்த சில நாட்களில் இமயத்தை அருகில் நின்று பார்த்துவிடவேண்டும் என்ற ஆசையில் நானும் இந்திய நண்பர் ஒருவரும் லுக்ளாவுக்குப் பறந்தோம். அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. நாள்தோறும் ஐந்து மைல் நடப்பவன் என்ற இறுமாப்பு வேறு. பயண ஒழுங்கில் நாம்சே பஸாரில் ஒரு முழுநாள் ஓய்வு குறிக்கப்பட்டிருந்தது. கொழும்பில் வேலை காத்திருக்கிறது என்று சொல்லி அதை வெட்டச் சொன்னவன் நானே. நாம்சேயில் இரவு முழுவதும் தலையிடி. வெய்யில் என்று எண்ணிக்கொண்டேன். நான்காம் நாள் மாலை ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரத்தில் வாந்தி எடுத்தேன். சப்பாத்து நாடாவை அவிழ்க்க விரல்கள் மறுத்தன. எங்களுடன் வந்த ஷெர்பா இளைஞன் ஒன்றும் பேசாமல் தடியால் மண்ணில் ஒரு நேர்கோடு கீறினான். குதிக்கு முன் பெருவிரல் படும்படி மாறி மாறி அடிவைத்து அதன்மேல் நடக்கச் சொன்னான். மூன்றாவது அடியில் விழுந்துவிட்டேன். விடியும்வரை காத்திருக்கலாம் என்று நான் கெஞ்சியதை அவன் காதில் வாங்கவில்லை. ரோர்ச் வெளிச்சத்தில், பாதி நடத்தியும் பாதி சுமந்தும், என்னைக் கீழே இறக்கினான். அறுநூறு மீற்றர் இறங்கியபின், விடியற்காலையில், என் தலை தெளிந்தது. மூளையில் நீர் கோர்க்கத் தொடங்கியிருந்தது என்பதைப் பின்னர் கொழும்பில் ஒரு வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன்.

அதன்பின் மலையேற்ற வரலாற்றைத் தேடித் தேடி வாசித்தேன். அந்த இளைஞன் கீறிய கோட்டுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகாலத் தோல்வியும், அலட்சியப்படுத்தப்பட்ட சில விஞ்ஞானிகளின் உழைப்பும் இருந்தன.

*

1953 யூன் 2 ஆம் திகதி எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு விழா. எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பா பத்திரிகையை உரத்து வாசிப்பார். அயலவர் நால்வர் ஐவர் கேட்டிருப்பர். முடிசூட்டு விழாவும் எவரெஸ்ட் வெற்றியும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டது இன்றும் நினைவிருக்கிறது. சில நாட்களில் ஊரில் கிளம்பிய ஒரே கேள்வி, உச்சியில் முதலில் கால் வைத்தவர் டென்சிங்கா, ஹிலாரியா என்பதுதான். இரண்டு மாதங்களில் ஹர்த்தால் வந்தது. எவரெஸ்டை எல்லோரும் மறந்தார்கள்.

உலகப் பத்திரிகைகளும் எங்கள் ஊரைப் போலவே அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கின. எங்கள் தொழிலின் குணம் அது. 1921 முதல் ஏழு பிரித்தானியக் குழுக்கள் திபெத் பக்கமாக முயன்று தோற்ற மலையில், 1953 இல் மட்டும் என்ன நடந்தது என்று கேட்டவர்கள் குறைவு. இளம் வீரர் ஹிலாரி. டென்சிங்கோ ஏழாவது தடவையாக அம்மலைக்கு வந்தவர். இருவரதும் திறமையை எவரும் குறைத்துச் சொல்லமுடியாது. ஆனால் 1924 இல் ஒட்சிசன் உதவியின்றி ஏறத்தாழ 8,570 மீற்றர் வரை சென்ற நோர்ட்டனிடம் இருந்ததும், அதே ஆண்டு யூன் 8 ஆம் திகதி முகிலுக்குள் மறைந்த மலரி, ஏர்வின் இருவரிடம் இருந்ததும் அதற்குக் குறைந்த துணிவன்று.

குறை எங்கே இருந்தது என்பதை முதலிலேயே ஊகித்தவர் அலெக்ஸாண்டர் கெலஸ் என்ற ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர். இலண்டனில் மருத்துவ மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்த இவர், விடுமுறைகளில் ஷெர்பாக்களை மட்டும் துணையாகக் கொண்டு சிக்கிம் மலைகளில் ஏறினார். மலை உயர உயரக் காற்றில் ஒட்சிசனின் விகிதம் குறைவதில்லை, வளியமுக்கம்தான் குறைகிறது. எவரெஸ்ட் அடிவார முகாமில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதன் ஏறக்குறைய அரைப்பங்கு. உச்சியில் மூன்றிலொரு பங்கு. இந்நிலைக்கு உடல் எவ்வாறு பழகுகிறது என்று கெலஸ் கணக்குப் போட்டார். உடலும் உள்ளமும் மிகச் சிறந்த ஒருவர் ஒட்சிசன் கலன் இல்லாமலே உச்சியை அடையலாம் என்று அவர் முடிவு செய்தார். அது சரியென்பதை மெஸ்னரும் ஹபெலரும் 1978 மே 8 ஆம் திகதி காட்டினார்கள். கெலஸ் அதனைக் காணவில்லை. 1921 ஆம் ஆண்டின் முதல் எவரெஸ்ட் குழுவுடன் சென்றபோது வயிற்றுளைவால் மெலிந்து, கம்பா ட்ஸோங் என்ற திபெத்திய ஊரை அணுகுகையில் யூன் 5 ஆம் திகதி வழியிலேயே இறந்தார்.

அடுத்தவர் ஜோர்ஜ் ஃபிஞ்ச். இவரும் இரசாயனவியலாளரே. 1922 இல் வாத்து இறகு அடைத்த மேலங்கி ஒன்றைத் தாமே வடிவமைத்து அணிந்துவந்து கேலிக்குள்ளானார். ஒட்சிசன் கலனுடன் 8,300 மீற்றரைத் தாண்டினார். அந்நாளில் ஒட்சிசனைப் பயன்படுத்துவது கனவான்களுக்கு அழகல்ல என்ற எண்ணம் பிரித்தானிய மலையேறிகளிடம் வலுவாக இருந்தது. 1924 ஆம் ஆண்டுக் குழுவில் ஃபிஞ்சுக்கு இடம் கிடைக்கவில்லை. 1953 இல் டென்சிங்கும் ஹிலாரியும் இறகு அடைத்த ஆடையும் ஒட்சிசன் கலனுமாக உச்சியில் நின்றபோது, ஃபிஞ்ச் இந்தியாவில், பூனா தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் பணிப்பாளராக இருந்தார்!

*

திபெத் மூடப்பட்டு, நேபாளம் வெளிநாட்டினருக்குத் திறக்கப்பட்டபின் மலையை அணுகும் வழி தெற்கே மாறியது. 1952 இல் அனுமதி சுவிற்சர்லாந்துக்காரருக்குக் கிடைத்தது. அவ்வாண்டு மே மாத இறுதியில் ரெமோன் லம்பேரும் டென்சிங்கும் ஏறத்தாழ 8,400 மீற்றரில் ஒரு கூடாரத்தில் இரவைக் கழித்தனர். படுக்கைப்பை இல்லை. அடுப்பு இல்லை. ஒரு மெழுகுதிரிச் சுடரில் பனியை உருக்கித் துளித்துளியாக நாவை நனைத்தனர். மறுநாள் சுமார் இருநூறு மீற்றர் ஏறுவதற்குள் வலு முழுவதும் வடிந்துவிட்டது. அவர்களிடமிருந்த ஒட்சிசன் கருவியோ அசையாமல் இருக்கும்போது மட்டுமே மூச்சுக்கு உதவியது. உச்சிக்கு இன்னும் 250 மீற்றர் இருக்கையில் திரும்பினார்கள்.

இவர்களை வீழ்த்திய காரணங்களுள் தாகமும் ஒன்று என்பதைக் கணக்கோடு காட்டியவர் கிரிஃபித் பியூ. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையில் பணியாற்றிய உடற்றொழிலியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரில் லெபனான் மலைகளில் படைவீரருக்குப் பனிப்பிரதேசப் பயிற்சி அளித்தவர். 1951 இல் மைக்கேல் வார்ட் என்ற மலையேறும் மருத்துவர் ஆலோசனை கேட்டு ஆய்வுகூடத்துக்குப் போனபோது, பியூ பனிக்கட்டி நிறைந்த குளியல் தொட்டி ஒன்றில் கிடந்து தம்மீதே சோதனை நடத்திக்கொண்டிருந்தாராம்.

1952 இல் பிரித்தானியர் ஒத்திகையாக சோ ஓயு மலைக்குப் போனார்கள். அந்தப் பயணம் உச்சியைப் பொறுத்தவரை தோல்வி. தலைவர் எரிக் ஷிப்டனின் பதவியும் அதன்பின் பறிபோனது. ஆயினும் 1953 இன் வெற்றி அங்கேதான் விதைக்கப்பட்டது என்பது என் கருத்து. ஏறக்குறைய 6,000 மீற்றரில் உள்ள மென்லுங் கணவாயில் பியூ கூடாரம் அடித்து, மலையேறிகளைக் குறித்த தூரம் மேலும் கீழும் நடக்கவைத்து, அவர்கள் வெளிவிட்ட மூச்சைப் பைகளில் பிடித்து அளந்தார். நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் ஒட்சிசன், அதைச் சுமக்கும் கலனின் பாரத்தை ஈடுசெய்யவே சரியாகப் போகிறது. நான்கு லீற்றர் கொடுத்தால்தான் நடை மேம்படுகிறது என்று கண்டார். உலர்ந்த குளிர்காற்றை வேகமாக மூச்சிழுப்பவர் மூச்சோடு பெருமளவு நீரையும் இழக்கிறார். ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் நாளொன்றுக்கு மூன்று லீற்றருக்கு மேல் குடிக்கவேண்டும் என்றார். அதற்குப் பனியை உருக்க வேண்டும். உருக்க எரிபொருள் வேண்டும். எரிபொருளைச் சுமக்க ஆள் வேண்டும். காலில் அணியும் சப்பாத்தின் பாரம், முதுகில் சுமக்கும் அதே பாரத்தைவிடப் பல மடங்கு களைப்பைத் தருகிறது என்றும் காட்டினார். வழியில் கிராம வீடுகளில் தங்கிய வீரர்கள் இருமலும் வயிற்றோட்டமுமாக மலையடிக்கு வந்துசேர்ந்ததைக் கண்டு, கூடாரத்திலேயே தங்குங்கள், கொதித்த நீரையே குடியுங்கள் என்றும் எழுதிவைத்தார். இவற்றில் எதுவும் வீரகாவியத்துக்கு உதவும் செய்தி அல்ல.

புதிய தலைவர் ஜோன் ஹன்ட் இராணுவ அதிகாரி. 1952 ஒக்டோபர் முதல் இலண்டனில் இருந்து அவர் செய்த திட்டம் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி வந்தது. கடைசி இரவு இருவர் கூடாரத்தில் தங்குவதற்கு என்ன வேண்டும்? அதனைத் தெற்குக் கணவாயிலிருந்து மேலே கொண்டுசெல்ல எத்தனை பேர் வேண்டும்? அவர்களுக்கு உணவும் ஒட்சிசனும் எவ்வளவு? அவற்றைக் கணவாய்க்கு ஏற்ற எத்தனை ஷெர்பாக்கள்? இப்படியே கணக்கு காத்மண்டுவரை இறங்கியது. டிசெம்பரில் சுவிற்சர்லாந்தின் யுங்ஃப்ரௌயோக்கில் கூடாரங்களையும் சப்பாத்துகளையும் உறைபனியில் வைத்துச் சோதித்தார்கள்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஒன்று மறந்துபோயிற்று. காத்மண்டுவில் குழுவினர் பிரித்தானியத் தூதரகத்தில் விருந்தாளிகளாகத் தங்க, ஷெர்பாக்களுக்குப் பழைய குதிரை லாயமாயிருந்த வாகனக் கொட்டகையின் தரை காட்டப்பட்டது. மலசலகூடம்கூட இல்லை. மறுநாள் காலை ஷெர்பாக்கள் தூதரகத்தின் முன்வீதியில் வரிசையாக நின்று சிறுநீர் கழித்துத் தம் கருத்தைத் தெரிவித்தார்கள். அவர்களைத் தலைமை தாங்கி அழைத்துவந்த டென்சிங்தான் பின்னர் உச்சியில் நின்றார் என்பதை மறந்துவிடக்கூடாது.

1953 மார்ச் 10 ஆம் திகதி முதல் அணி பட்காவோனிலிருந்து புறப்பட்டது. சுமை தூக்குவோர் ஏறக்குறைய 350 பேர், இரண்டு அணிகளாக. தலைக்கு 27 கிலோ சுமை. வீதியே கிடையாது. பள்ளத்தாக்குகளில் இறங்கியும் முகடுகளில் ஏறியும் பதினேழு நாட்கள் நடந்து தியாங்போச்சே பௌத்த மடாலயத்தை அடைந்தார்கள். உயரம் ஏறத்தாழ 3,870 மீற்றர். அங்கும் உடனே எவரெஸ்டுக்குப் போகவில்லை. மூன்று வாரங்களைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கினார் ஹன்ட். சிறு குழுக்களாகப் பிரிந்து சுற்றியுள்ள 6,000 மீற்றர் மலைகளில் ஏறினார்கள், ஒட்சிசன் கருவிகளுடன் பழகினார்கள், பின் இறங்கி ஓய்ந்தார்கள், மறுபடி ஏறினார்கள். உயரத்தில் உழைத்து, தாழ்வில் உறங்கும் முறை இது. அப்போது ஏறிய மலைகளில் ஒன்று இம்ஜா ட்ஸே. பனிக்கடலில் ஒரு தீவுபோல நிற்பதால் ஷிப்டன் குழுவினர் அதற்கு ஐலண்ட் பீக் என்று பெயரிட்டிருந்தனர். அதன் பெயர் இக்கட்டுரையில் இன்னொரு தடவை வரும்.

பின்னர் நடந்ததை வாசகர்கள் அறிவர். மே 26 ஆம் திகதி பூர்டிலனும் எவன்ஸும் தென்முகட்டை அடைந்து, உச்சியைக் கண்முன்னே கண்டுகொண்டு திரும்பினார்கள். மே 28 இரவு டென்சிங்கும் ஹிலாரியும் ஏறத்தாழ 8,500 மீற்றரில் தங்கினார்கள். அந்தச் சிறு கூடாரத்தில் அடுப்பு எரிந்தது. சீனி கரைத்த சுடுநீரில் எலுமிச்சைச் சாறு கலந்து வயிறு நிறையக் குடித்தார்கள். காலையில் கல்லாய் உறைந்திருந்த ஹிலாரியின் சப்பாத்துகளை இளக்கியதும் அதே அடுப்புத்தான். முந்தைய ஆண்டு மெழுகுதிரிச் சுடரில் நாவை நனைத்த டென்சிங்குக்கு அந்தக் குவளையின் பெறுமதி தெரிந்திருக்கும். மே 29 முற்பகல் 11.30 மணிக்கு உச்சியில் நின்றார்கள்.

செய்தியை உலகுக்கு அனுப்பிய 'தி ரைம்ஸ்' நிருபர் ஜேம்ஸ் மொரிஸும் திட்டமிட்டே வென்றவர். மலையேற்றம் அறியாத அவர், முன்கூட்டியே வகுத்துக்கொண்ட குறிமொழியில், பனி நிலைமை மோசம், முன்தள முகாம் கைவிடப்பட்டது என்று பொருள்படும் ஒரு செய்தியை எழுதி ஓட்டக்காரர் மூலம் நாம்சேக்கு அனுப்பினார். வழியில் வாசித்தவர்கள் தோல்வி என்று நினைத்தார்கள். இலண்டன் வெற்றி என்று வாசித்தது. பொய்ச்செய்தி எழுதிப் பாராட்டுப் பெற்ற ஒரே நிருபர் இவராகத்தான் இருக்கவேண்டும்.

பியூவின் ஆய்வு ஹன்டின் நூலில் பின்னிணைப்பாகப் போயிற்று. புகழ் துணிவுக்கும் ஒற்றுமைக்கும் போய்ச் சேர்ந்தது. 1993 இல் நாற்பதாண்டு நிறைவு விழா இலண்டனில் நடந்தபோது, முன்னர் குறிப்பிட்ட வார்ட் எழுந்து, வெற்றிக்கு அடிப்படை பியூவின் விஞ்ஞானமே என்று மகாராணியார் முன்னிலையில் பேசினார். சக்கர நாற்காலியில் இருந்த பியூவுக்கு அப்போது 83 வயது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தகப்பனுடன் சுமுகமான உறவில்லாத மகள் ஹரியட் ரக்கி, அந்த உரையைக் கேட்டபின்னரே அவரைப்பற்றித் தேடத் தொடங்கினார். 2013 இல் வெளிவந்த அவரது நூல் வழியாகவே பொதுவாசகர் பலர் பியூவை அறிந்தார்கள்.

*

இனி லுக்ளா. ஷெர்பா மக்களுக்குப் பாடசாலைகளும் மருத்துவமனையும் கட்ட ஹிலாரி முன்வந்தார். கட்டடப் பொருட்களை இறக்குவதற்காக 1964 இல் 2,860 மீற்றர் உயரத்தில் ஒரு விமான ஓடுபாதை அமைக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. 1966 இல் குண்டேயில் மருத்துவமனையும் எழுந்தது. ஆனால் அந்த ஓடுபாதை காத்மண்டுவிலிருந்து வரும் நெடுநடையை அரைமணி நேரப் பறப்பாகச் சுருக்கியது. 1953 இல் எவரும் கேளாமலே உடலைப் பழக்கிக் கொடுத்த பதினேழு நாட்கள் காணாமற் போயின.

விளைவு விரைவில் தெரிந்தது. சமவெளியிலிருந்து திடீரென மலைக்கு ஏற்றப்பட்டால் என்ன நேரும் என்பதை இந்திய இராணுவம் ஏற்கெனவே அனுபவித்திருந்தது. உயரநோய் கண்ட 1,925 படைவீரரைப் பற்றி இந்தர் சிங் என்ற மருத்துவரும் சகாக்களும் 1969 இல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். பீற்றர் ஹக்கெட்டும் இருவரும் 4,243 மீற்றரில் உள்ள பெரிச்சேயில் 278 நடைப்பயணிகளை ஆராய்ந்து 1976 இல் வெளியிட்டனர். 53 வீதமானோருக்கு உயரநோய் இருந்தது. லுக்ளாவுக்குப் பறந்து வந்தவர்களிடம், நடந்து வந்தவர்களைவிட அது அதிகம்.

தேகப்பயிற்சி இந்நோயைத் தடுப்பதில்லை. மரதன் ஓடுபவருக்கும் வரும். சில வேளை அவருக்கே முந்தி வரும், ஏனெனில் அவர் வேகமாக ஏறுவார். ஓட்டமும் படியேற்றமும் காலுக்கும் நுரையீரலுக்கும் உரம் தருமேயன்றி, குருதியின் அமில காரச் சமநிலையைச் சிறுநீரகம் புதிய உயரத்துக்கேற்பத் திருத்துவதற்கு அவை உதவா. அதற்கு நாட்கள் வேண்டும். 3,000 மீற்றருக்கு மேல், ஓர் இரவு உறங்கும் இடத்துக்கும் மறு இரவு உறங்கும் இடத்துக்கும் 500 மீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு தடவை ஏறாமல் தங்கவேண்டும் என்பது மருத்துவர்களின் இன்றைய விதி. தலையிடி மாறாமல் மேலே போகலாகாது. நடை தள்ளாடினால் இரவென்றும் பாராமல் இறங்கவேண்டும். எவருக்கும் விலக்கு இல்லை. எவரெஸ்டை வென்ற ஹிலாரியே 1981 இல், அறுபத்திரண்டாவது வயதில், அம்மலையின் கிழக்குப் பக்க முகாமுக்குப் போய் மூளை வீக்கத்தால் நோயுற்று இறங்கவேண்டியதாயிற்று.

நம் நாட்டின் உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர். லுக்ளா விமானத்தளமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட தீவிலிருந்து ஜயந்தி குரு உதும்பால என்ற பெண் 2016 மே 21 ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்; இலங்கையர் ஒருவர் அங்கு நின்றது அதுவே முதல் தடவை. டென்சிங் களப்பயிற்சிப் பணிப்பாளராக இருந்த டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனத்தில் பயின்றவர் அவர். உடன் சென்ற ஜொஹான் பீரிஸ் 8,400 மீற்றரில் திரும்ப நேர்ந்தது. திரும்பியதால்தான் 2018 இல் மீண்டும் போய் உச்சியை அடைய முடிந்தது. இவ்விருவரும் பல ஆண்டுகள் முன்னதாக ஆயத்தப் பயணமாக ஏறிய மலை ஐலண்ட் பீக். 1953 இல் ஹன்டின் ஆட்கள் பயிற்சிக்காக ஏறிய அதே இம்ஜா ட்ஸே.

இவ்வளவையும் பெறாமகனுக்கு மூன்று மின்னஞ்சல்களில் எழுதினேன். மண்ணில் கீறிய கோட்டைப் பற்றி முதன்முதலாக அவனுக்குத்தான் எழுதினேன். வீட்டில்கூட முழுவதும் சொன்னதில்லை. இரண்டு வாரம் பதில் இல்லை. கிழவன் பயமுறுத்துகிறான் என்று நினைத்திருப்பான்.

கடந்த வாரம் புதிய பயண ஒழுங்கு வந்தது. ஏறுவதற்கு ஒன்பது நாட்கள். நாம்சேயில் இரண்டு இரவுகள், டிங்போச்சேயில் இரண்டு இரவுகள். மேலதிக விடுமுறை கிடைக்காமையால் நண்பர் ஒருவர் விலகிவிட்டாராம். கடைசி வரியில் "நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். ஐம்பது ஆண்டுகள் பிறர் எழுத்தைத் திருத்தியவன் அல்லவா நான்? அந்தக் கேள்விக்குறியை நீக்கித் திருப்பி அனுப்பினேன்.